மூன்று தரம் கூவிய எடை

“முப்பத்தெட்டு!” என்று கூவினார் ஐயாதுரை.

ஒரு தரம் கூவியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா?

“முப்பத்தெட்டே... முப்பத்தெட்டு! மூணாந்தரம் முப்பத்தெட்டு!”

பருத்தியில் கொட்டை பிரிக்கிற ராஜபாளையத்து ஜின்னிங் பாக்டரியில் ஐயாதுரைதான் எடைக்காரர். விவசாயம் பார்க்கிற சம்சாரி கொண்டுவரும் பருத்தி மூட்டையைத் தராசில் ஏற்றினால், எடையை மூன்று தரம் கூவ வேண்டும். முதல் தரம் சம்சாரி காதுக்கு, இரண்டாந்தரம் தரகர் காதுக்கு, மூன்றாந்தரம் எழுதுகிற கணக்கப்பிள்ளை காதுக்கு. கூவாத எடை செல்லாது. அந்தப் பெருங்குரலுக்கு முக்குக் கடை வரைக்கும் டீ குடிக்கிறவர்கள் தலை நிமிர்வார்கள்.

அன்றைக்குத் தராசு மேடையில் நின்றது பருத்தி மூட்டை அல்ல. அவருடைய ஒரே மகள் பரிபூரணம். மதுரையில் டாக்டருக்குப் படிக்கிற பெண்.

“அப்பா, மெதுவாச் சொல்லுங்கப்பா” என்றாள் அவள், காலடியைப் பார்த்துக்கொண்டே.

“மெதுவாச் சொன்னா அது எடையாம்மா?” என்றார் அவர்.

சீசன் சமயம், ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். “பாப்பா ஒரு மூட்டை கூட இல்லையே!” என்றான் ஒருவன், பாசத்தோடுதான். பரிபூரணத்தின் முகம் செத்துப்போனது. ஐயாதுரை தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். மதுரையில் ஹாஸ்டல் பெண்கள் அறுபது பேரையும் நிறுத்து, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டுமென்று பேராசிரியை அம்மா சொல்லியிருந்தார். எழுதினவள் பரிபூரணம். நோயாளிக்கு நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லப்போகிற அறுபது பேரில் இருபத்து மூன்று பேர் அரைப்பட்டினி என்று தெரிந்தது. கடைசிப் பெயராகத் தன் பெயரை எழுதித் தன் எடையையும் எழுதிவிட்டு, பென்சிலோடு மயங்கி விழுந்தாள். பட்டியலிலேயே குறைந்த எடை அவளுடையது.

பேராசிரியை அம்மா ஒரு கடிதம் கொடுத்து அனுப்பிவிட்டார். ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். நாற்பத்திரண்டு கிலோ என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் திரும்பச் சேர்ப்பது. இல்லையென்றால் ஒரு வருஷப் படிப்பு போகும்.

“நாலு கிலோ தானேட்டி!” என்று மனைவி பெத்தம்மாளுக்குத் தைரியம் சொன்னார் ஐயாதுரை. “குவிண்டால் குவிண்டாலா நிறுக்கிறவன் நான். நாலு கிலோவை ஏத்த மாட்டேனா?”

ஏற்றத் தொடங்கினார். காலையில் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும், பத்து மணிக்கு இரண்டு முட்டை, மத்தியானம் ஆட்டுக்கால். பரிபூரணம் தட்டின் முன்னால் உட்கார்ந்து, சோற்றைத் தெற்கே இருந்து வடக்கே தள்ளி, வடக்கே இருந்து தெற்கே தள்ளி, கை கழுவிவிடுவாள்.

தெருவும் சும்மா இருக்கவில்லை. எடையைத்தான் எல்லாரும் கேட்டிருந்தார்களே! பின் தெரு நூர்னிசா தேங்காய்ச்சோறும் கறிக்குழம்பு ஆணமும் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து, “சாப்பிடும்மா, முப்பத்தெட்டு ஒரு எடையா?” என்றாள். தண்ணீர்க் குழாயடியில், “என்ன பெத்தம்மா, முப்பத்தெட்டு எப்படி இருக்கு?” என்று கேட்டார்கள். பிள்ளைக்குப் பெயர் போய் நம்பர் நின்றது. பரிபூரணம் வாசல் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு நிறுத்தார்.

“முப்பத்தேழு!” என்று கூவத் தொடங்கியவர் குரல், மூன்றாந்தரத்தில் உடைந்துவிட்டது.

கூட நின்ற சமுத்திரம் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். சமுத்திரம்தான் தராசுக்குக் கையாள். நாற்பது வயது, எருமைக்கடா மாதிரி ஆள். தராசைத் துடைப்பது, கல் மாற்றுவது, கொக்கித் தட்டை மாட்டுவது எல்லாம் அவன் வேலை.

அந்தக் கொக்கித் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மேடையில் பாரம் ஏறினால், மறுபக்கம் தொங்குகிற சின்னப் பித்தளைத் தட்டில் கல் வைத்துத்தான் முள்ளை நேர் நிறுத்துவது. தட்டில் பத்துக் கிராம் என்றால் மேடையில் ஒரு கிலோவுக்குச் சமம். அதனால் தட்டில் ஈ உட்கார்ந்தால்கூட ஐயாதுரை விடமாட்டார், துண்டால் விசிறி விரட்டிவிட்டுத்தான் மறு வேலை. நிறுக்கத் தொடங்கும் முன்பும், நிறுத்து முடித்த பின்பும், சர்க்கார் முத்திரை போட்ட சோதனைக்கல்லை மேடையில் வைத்துத் தராசு சரிதானா என்று பார்த்துக்கொள்வார்.

“தராசுல ஏதும் கோளாறா அண்ணாச்சி?” என்று கேட்டான் சமுத்திரம்.

“ஏலே, நீ என்னைச் சொல்லு, பொறுத்துக்கிடுவேன். என் தராசைச் சொல்லாதே” என்றார் ஐயாதுரை. “போ, பாப்பாவை வீட்டுல விட்டுட்டு வா.”

சமுத்திரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு பேசியபடியே போனான். அரை மணி நேரத்தில் வர வேண்டியவன், ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தான்.

மூன்றாம் வாரம் ஓர் அதிசயம் நடந்தது. வியாழக்கிழமை அடுப்படியிலிருந்து பரிபூரணத்தின் குரல் கேட்டது: “அம்மா, இன்னொரு தோசை.”

ஐயாதுரை காதைத் தீட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை குழம்புச் சட்டி காலியாக இருந்தது. சனிக்கிழமை நூர்னிசாவின் தூக்குச்சட்டியும் காலி. ஞாயிற்றுக்கிழமை பாக்டரிக்குப் போகும்போது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

சோதனைக்கல் வைத்தார். தராசு சரி. சமுத்திரம் தட்டை ஒரு தரம் துடைத்து மாட்டினான். பரிபூரணம் ஏறினாள்.

“முப்பத்தேழு...” என்றார் ஐயாதுரை. இரண்டாந்தரம் அவரே நம்பாமல் கூவினார்.

ஒரு குன்றிமணி ஏறவில்லை! மறுபடி சோதனைக்கல்லை வைத்தார். சமுத்திரம் தட்டை இன்னொரு தரம் துடைத்துக் கொடுத்தான். தராசு நூலிழை பிசகவில்லை.

“அப்போ சாப்பிட்டதெல்லாம் எங்கேட்டி போச்சு?” என்று வீட்டுக்கு வந்து பெத்தம்மாளைக் கேட்டார்.

“நல்லாத்தாங்க சாப்பிடுதா. கண்ணால பாருங்களேன், கன்னம் எப்படித் தெளிஞ்சிருக்குன்னு!”

“கண்ணு பொய் சொல்லும்டி. தராசு சொல்லாது.”

அப்போதுதான் முற்றத்தில் படுத்திருந்த வெள்ளையன் அவர் கண்ணில் பட்டான். சுத்த ராஜபாளையத்து நாய். மூக்கெல்லாம் ரோஜா நிறம், நடையெல்லாம் ஜமீன். தோசையைப் பிள்ளை மேசைக்கு அடியில் இதற்குப் போடுகிறாள், சந்தேகமே இல்லை! வீட்டு ஆட்கள் எல்லாரையும் வருஷா வருஷம் ஆயுத பூசையன்று, தராசுக்கு மாலை போட்ட கையோடு நிறுத்து, அறைக் கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதி வைப்பது அவர் வழக்கம். அதில் வெள்ளையனும் உண்டு. இருபத்து நாலு கிலோ.

நாலாம் ஞாயிறு நாயையும் கூட்டிக்கொண்டு போனார். பரிபூரணம் இறங்கியதும் — அன்றைக்கும் அதே முப்பத்தேழு — நாயைத் தூக்கி மேடையில் நிறுத்தினார். சமுத்திரம், “அண்ணாச்சி, அண்ணாச்சி, நாய் வேண்டாம் அண்ணாச்சி!” என்று பதறிப் பாய்ந்தான்.

“கடிக்காதுலே, தள்ளு.”

முள் நின்றது. ஐயாதுரை கூவ மறந்தார். இருபத்தொன்று.

நாய் கொழுத்திருக்க வேண்டும். இதுவோ மூன்று கிலோ இளைத்திருந்தது.

“பாவம், அதுக்கும் வைக்கலை போலிருக்கே” என்றான் மூட்டைக்காரன் ஒருவன். அன்று சாயங்காலமே, ஐயாதுரை வீட்டில் நாயைப் பட்டினி போடுகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. நூர்னிசா மறுநாள் இரண்டு தூக்குச்சட்டி கொண்டுவந்தாள், ஒன்று எலும்பு.

அந்த வாரம் பெத்தம்மாள் மடியில் மகளுடைய ஜாக்கெட்டை வைத்துத் தையல் பிரித்துக்கொண்டிருந்தாள். ‘பிள்ளை இளைத்துப்போய் ஜாக்கெட்டையெல்லாம் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறதே’ என்று நினைத்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார் ஐயாதுரை. ஒரே ஆறுதல் பாக்டரியில்தான்.

“என்னலே சமுத்திரம், கொக்கித் தட்டு தங்கமா மின்னுது?”

“சும்மா வெளக்குனேன் அண்ணாச்சி” என்றான் சமுத்திரம், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

“உனக்காவது இப்பத்தான் பொறுப்பு வந்திருக்கு” என்று அவன் முதுகில் தட்டினார்.

ஐந்தாம் ஞாயிறு பெத்தம்மாளையும் கூட்டிப் போனார். பரிபூரணம் முப்பத்தேழிலேயே ஆணியடித்தாற்போல் நின்றாள்.

“நீ ஏறுட்டி” என்றார் மனைவியிடம். “நாய் திங்கலைன்னா நீ திங்கே. வேற யாரு இருக்கா?”

“இத்தனை ஆம்பிளைக முன்னாலயா? உங்களுக்குப் புத்தி இருக்கா?”

“ஏறுன்னு சொல்லுதேன்!”

ஏறினாள். கதவுக்குப் பின்னால் எழுதியிருந்தது அறுபத்திரண்டு. முள் நேர் நின்றது ஐம்பத்தேழரையில். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், மூன்று தரம் கூவியும்விட்டார். பெத்தம்மாள் கோபத்தில் தொடங்கி, நம்பரைக் கேட்டதும் பாதியில் குளிர்ந்து, “நிசமாவா? இன்னொரு தரம் சொல்லுங்க” என்றாள்.

ஐயாதுரைக்கு வியர்த்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமே ஏறினார். அறுபத்தெட்டு இருக்க வேண்டியவர் அறுபத்து மூன்றரை.

“நாலரை! அவளுக்கும் நாலரை, எனக்கும் நாலரை!” மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஒரே அளவுலே சமுத்திரம்! அப்போ ஒரே நோய்தான். வீட்டோட உருக்குத நோய் வந்திருக்கு. பிள்ளை அதைத்தான் மதுரையில இருந்து கொண்டாந்திருக்கா!”

சமுத்திரம் வாயைத் திறந்தான். பரிபூரணம் அவனைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான்.

மறுபடி சோதனைக்கல்லை வைத்தார். சமுத்திரம் முந்திக்கொண்டு தட்டைத் துடைத்துக் கொடுத்தான். தராசு சரி. தராசு எப்போதும் சரி.

அந்த வாரம் முழுக்க வீட்டில் தனித்தனித் தட்டு, தனித்தனி டம்ளர். இருமல் வராதவர்களையும் இருமிக் காட்டச் சொன்னார். ஆறாம் ஞாயிறு வந்ததும், நிறுக்கப் பயந்து, எல்லாரையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே பஸ் ஏறிவிட்டார். அங்கே டாக்டர் சௌந்தரபாண்டியன் ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார், சர்டிபிகேட்டும் அவரிடம்தான் வாங்க வேண்டும். வெள்ளையனுக்கும் டிக்கெட் எடுக்க ஐயாதுரை தயார்தான். கண்டக்டர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

“மடியில என்ன பெரியவரே, பையில?” என்று கேட்டார் கண்டக்டர்.

“அஞ்சு கிலோ.”

“அஞ்சு கிலோ என்னது?”

“அஞ்சு கிலோதான். முத்திரை போட்டது.”

கண்டக்டர் இரண்டு சீட் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் பரிபூரணம், “அப்பா, பால்கோவா வாங்கித் தாங்கப்பா” என்றாள். சின்ன வயதில் கேட்டது. ஆறேழு வருஷமாகக் கேட்காதது. ‘கடைசி ஆசையோ என்னவோ’ என்று ஐயாதுரை அரைக் கிலோ வாங்கினார். இலையில் வைத்ததை அவள் வழித்துச் சாப்பிட்டாள்.

டாக்டர் சௌந்தரபாண்டியன் முதலில் பெண்ணை மட்டும் உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் பேசினார். பிறகு எல்லாரையும் கூப்பிட்டு எடை மிஷினில் ஏறச் சொன்னார்.

“நாற்பத்து மூணு” என்றார், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“உங்க மிஷின் தப்பு” என்றார் ஐயாதுரை.

“என்னது?”

“தப்பு சார். கோவிச்சுக்கிடாதீங்க.” பையிலிருந்து ஐந்து கிலோ கல்லை எடுத்து மிஷினில் வைத்தார். முள் ஐந்தில் போய் ஆடாமல் நின்றது. எடுத்தார், மறுபடி வைத்தார். ஐந்து. பெத்தம்மாளை ஏற்றினார். அறுபத்து மூன்று. “அய்யய்யோ!” என்றாள் அவள்; நோய் வந்த முகம் முதல் தரமாக அன்றைக்குத்தான் அவளுக்கு வந்தது. அவரும் ஏறினார். அறுபத்தெட்டு.

“சார், ஏழு மைல் பஸ்ஸுல வந்தோம். ஏழு மைல்ல எம் பொண்ணு ஆறு கிலோ ஏறிட்டாளா? நாங்களும் ஏறிட்டோமா?”

“வழியில என்ன சாப்பிட்டீங்க?”

“பால்கோவா. அரைக் கிலோ. அதுவும் நான் தொடலை.”

டாக்டர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. சர்டிபிகேட்டை எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெண்ணையும் தாயாரையும் வெளியே இருக்கச் சொன்னார்.

“அண்ணாச்சி, உங்க வீட்டுல யாருக்கும் உருக்குற நோய் இல்லை. பொண்ணுக்கு இருந்தது வேற. காலேஜ்ல சேர்ந்தப்போ, அப்பா என்ன செய்யறார்னு சீனியர் பிள்ளைக கேட்டிருக்கு. பருத்தி நிறுக்கறார்னு சொல்லியிருக்கா. அன்னையில இருந்து அவளுக்கு வச்ச பேரு பருத்தி மூட்டை. அதுல இருந்துதான் சோறு குறைஞ்சிருக்கு. தட்டுல சோத்தைப் பார்த்தா அந்தப் பேருதான் ஞாபகம் வருதாம். இப்போ நல்லாத் தேறி வர்றா. இன்னும் கொஞ்ச நாள் ஆகும். மதுரையில அந்தப் பேராசிரியையும் பார்த்துக்கிடுவாங்க. நீங்க ஒண்ணு மட்டும் செய்யுங்க. எடையைப் பத்திப் பேசாதீங்க.”

ஐயாதுரை ஐந்து கிலோ கல்லை எடுத்துப் பைக்குள் வைத்தார். பருத்தி மூட்டை என்று கேலி செய்யப்பட்ட பிள்ளையை, பருத்தி மூட்டை நிறுக்கிற தராசிலேயே ஏற்றி, பருத்தி மூட்டைக்குக் கூவுகிற மாதிரியே மூன்று தரம், முக்குக் கடை வரைக்கும் கேட்க... திரும்பி வருகிற பஸ்ஸில் ஐந்து கிலோ கல் அவர் மடியில் ஐந்து குவிண்டாலாகக் கனத்தது. ஜன்னலோரம் மகள் தூங்கிக்கொண்டு வந்தாள். ஆறு வாரத்தில் முதல் தரமாகத் தராசை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தார். கன்னம் தெளிந்துதான் இருந்தது. ஜாக்கெட் கை இறுக்கிப் பிடித்திருந்தது. இவளுக்கா பிடித்துத் தைத்தாள் பெத்தம்மாள்? பிரித்தல்லவா விட்டிருக்கிறாள்!

அப்படியென்றால் அவருடைய தராசு?

திங்கட்கிழமை விடிந்ததும் பாக்டரிக்கு ஓடினார். ஐந்து கிலோக் கல், பத்து கிலோக் கல், இருபது கிலோக் கல் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி வைத்தார். தராசு சரி. டாக்டர் மிஷினும் சரி. இரண்டு தராசும் நிசம் சொன்னால், பொய் சொன்னது யார்? பாக்கி இருப்பது ஒன்றுதான்: முள்ளைப் பார்த்த கண்ணும், கூவின வாயும்.

பத்து மணிக்கு வெள்ளைத்தாள் ஒன்றில் எழுதிக்கொண்டு முதலாளி அறை வாசலில் வந்து நின்றார். தராசு அறைச் சாவி கையில் இருந்தது. சமுத்திரம் ஓடி வந்தான்.

“என்ன அண்ணாச்சி இது?”

“வேலையை விட்டுட்டுப் போறேன்லே. எனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு. அஞ்சு வாரம் சொந்த மகளைத் தப்பா நிறுத்திருக்கேன். இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை சம்சாரி மூட்டையைத் தப்பா நிறுத்தேனோ! பொறவு அந்தக் கூப்பாடு வேற. நான் ஒரு எடைக்காரனா? ஒரு அப்பனா?”

“அண்ணாச்சி, செத்த நேரம் பொறுங்க.”

“பொறுத்தது போதும். சாயங்காலம் பிள்ளை மதுரைக்கு பஸ் ஏறுதா. அவ போறதுக்குள்ள இதைச் செஞ்சாத்தான் எனக்குச் சோறு எறங்கும்.” கதவைத் தட்டக் கையை ஓங்கினார்.

சமுத்திரம் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டான். இடுப்பு மடிப்பிலிருந்து எலுமிச்சங்காய் அளவு கறுப்பு உருண்டை ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தான். பிசுபிசுவென்று ஒட்டியது.

“சாவியை உள்ளே வையுங்க அண்ணாச்சி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை தட்டைத் துடைக்கிற சாக்குல, அதுக்கு அடியில இந்தப் புளியை, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி, ஒட்டுனதும் எடுத்ததும் நான்தான். ‘எங்கப்பா வாயை அடைக்க ஏலாது, தராசு வாயையாவது அடைச்சு வையுங்க மாமா, நான் பயப்படாம சாப்பிட்டுக்கிடுதேன்’னு கேட்டது நம்ம டாக்டர் பாப்பா!”